பெசோஸ் கல்யாணம்: 200 விருந்தாளிகளுக்கு வெனிஸ் ஏன் இவ்வளவு கொதித்தது?

ஜூன் 27, வெள்ளிக்கிழமை. அன்று பகலில் வெனிஸைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு சாதாரணப் பயணி, கடைசி நேரத்தில் பதிவு செய்திருந்தால் 10 யூரோ நுழைவுக் கட்டணம் கட்டியிருப்பார். நம்ம ஊர்ப் பணத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். அதே நாளில், எதிர்க்கரையில் இருக்கும் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸும் லாரன் சான்செஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அங்கே வந்த விருந்தாளிகளுக்கு அந்த 10 யூரோ கிடையாது. ஏதோ சலுகை காட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். விதியே அப்படித்தான். இரவு ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்குத்தான்.

கூட்டத்தைக் குறைக்க இப்படிக் காசு வாங்கும் ஒரு நகரம், உலகமே பார்க்கும் ஒரு கல்யாணத்தை ஏன் வாசலில் நின்று வரவேற்றது? அந்த ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் ஏன் தெருவுக்கு வந்தார்கள்? பார்க்கலாம்.

கடலில் தொடங்கிய கதை

இந்த ஜோடியின் நிச்சயம் நடந்ததே கப்பலில்தான். 2023 மே மாதம், பிரான்ஸின் தென்கரையில் நின்றிருந்த 'கோரு' என்ற பெசோஸின் பாய்மரச் சொகுசுக் கப்பலில் அவர் மோதிரம் கொடுத்ததாகச் செய்தி வந்தது. தலையணைக்கு அடியில் மோதிரம் இருந்தது என்று பிறகு ஒரு பேட்டியில் சான்செஸே சொன்னார்.

அதே வருஷம் ஆகஸ்டில் இத்தாலியின் பொசிட்டானோ கடலோரத்தில் நிச்சயதார்த்த விருந்து. 2024 டிசம்பரில், அமெரிக்காவின் ஆஸ்பென் பனிமலை ஊரில் 60 கோடி டாலர் செலவில் கல்யாணம் என்று ஒரு செய்தி கிளம்பியது. முழுப் பொய் என்று பெசோஸ் எக்ஸ் தளத்தில் மறுத்தார். 2025 ஏப்ரல் 14-ஆம் தேதி சான்செஸ் விண்வெளிக்கே போய்வந்தார். பெசோஸின் ப்ளூ ஆரிஜின் ராக்கெட்டில் பாடகி கேட்டி பெர்ரி உள்பட ஆறு பெண்கள், மொத்தம் சுமார் 11 நிமிடப் பயணம். மே மாதம் பாரிஸில் தோழிகளோடு விருந்து. ஜூனில் குரோஷியாவின் கிரெஸ் தீவுப் பக்கம் கப்பல் மேல்தளத்தில் சோப்பு நுரை பார்ட்டி. அங்கிருந்து நேராக வெனிஸ்.

இந்தப் பட்டியலை உலகம் முழுக்க ஊடகங்கள் ஒன்றுவிடாமல் போட்டன, நாங்களும்தான். ஆனால் இதில் அதிகம் பேசப்படாத ஒரு சம்பவம், கோரு கட்டி முடிக்கப்படும் முன்பே நடந்தது. வெனிஸ் கோபத்தைப் புரிந்துகொள்ள அதுதான் உதவும்.

கோரு சுமார் 127 மீட்டர் நீளம். மூன்று பாய்மரக் கம்பங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 மீட்டர் உயரம். அந்தக் கம்பங்கள் இருப்பதால் ஹெலிகாப்டர் இறங்க இடமில்லை. அதற்காகவே 'அபியோனா' என்று 75 மீட்டரில் ஒரு துணைக் கப்பல் பின்னாலேயே வரும். கோருவைக் கட்டியது நெதர்லாந்தின் ஓஷன்கோ நிறுவனம். கடலுக்குப் போகும் வழியில் ராட்டர்டாம் நகரத்தில் 'டே ஹெஃப்' என்ற பழைய ரயில் பாலம் குறுக்கே நிற்கிறது. 1927-இல் கட்டியது. இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் அடிபட்டு மீண்டது. அதைத் தூக்கினாலும் அடியில் 40 மீட்டர்தான் இடம்.

2022-இல் ஒரு யோசனை வந்தது: பாலத்தின் நடுப்பகுதியைக் கொஞ்ச நாள் கழற்றி வைத்துவிடலாம், செலவைக் கப்பல்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். நகராட்சியும் வேலைவாய்ப்பு, வருமானம் என்று பேசத் தொடங்கியது. ராட்டர்டாம்காரர்கள் கொதித்துவிட்டார்கள். கப்பல் போகும்போது அழுகிய முட்டை வீசுவோம் என்று ஃபேஸ்புக்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கடைசியில் ஓஷன்கோ கோரிக்கையைக் கைவிட்டது. பாய்மரக் கம்பங்களை மாட்டாமலே, வேறு வழியாகக் கப்பலை இழுத்துப் போனார்கள்.

பாலத்தைக் கழற்றினால் ஊருக்குப் பைசா நஷ்டமில்லை. மறுபடி மாட்டியும் கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காசு கொடுத்தால் ஊரையே கழற்றித் தருவீர்களா என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி.

வெனிஸில் நடந்தது என்ன?

ஜூன் 26 முதல் 28 வரை மூன்று நாள் விழா. சுமார் 200 விருந்தாளிகள். கிம் கர்தாஷியன், ஓப்ரா வின்ஃப்ரே, லியோனார்டோ டிகாப்ரியோ, பில் கேட்ஸ், இவாங்கா டிரம்ப், ஜோர்டான் ராணி ரானியா என்று பட்டியல் நீளம். 90-க்கும் மேற்பட்ட தனி விமானங்கள் இறங்க அனுமதி கேட்டதாக இத்தாலிய ஊடகங்கள் எழுதின. செலவு 4 கோடி முதல் 4.8 கோடி யூரோ வரை இருக்கும் என்றார் வெனிஸ் அடங்கிய வெனெட்டோ மாகாணத்தின் தலைவர் லூக்கா சையா. அதாவது 400 கோடி ரூபாய்க்கு மேல்.

நமக்குத் தலை சுற்றும் தொகைதான். ஆனால் பெசோஸின் சொத்து 20,000 கோடி டாலருக்கும் மேல். அதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், ஒரு கோடி ரூபாய் சொத்துள்ள ஒருவர் கல்யாணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் செலவழித்த மாதிரி.

இன்னொரு விஷயம். இந்த விழாவுக்கு இத்தாலியச் சட்டப்படி கல்யாணம் என்ற மதிப்பே இல்லை, பதிவெல்லாம் அமெரிக்காவிலேயே முடிந்துவிட்டது என்று நகராட்சி வட்டாரங்களை வைத்துச் செய்திகள் வந்தன. அப்படியென்றால் வெனிஸ் தந்தது கல்யாணப் பதிவு இல்லை, பின்னணிக் காட்சி மட்டும்தான்.

எதிர்ப்புக் குழுவின் பெயரே 'பெசோஸுக்கு இடமில்லை'. ஆங்கிலத்தில் விண்வெளி என்றும் இடம் என்றும் இரண்டு அர்த்தம் வரும் வார்த்தையை வைத்து விளையாடியிருந்தார்கள். ஜூன் 23-ஆம் தேதி சான் மார்க்கோ சதுக்கத்தில் கிரீன்பீஸும் ஒரு பிரிட்டன் குழுவும் சேர்ந்து பெசோஸ் சிரிக்கும் படத்தோடு பிரம்மாண்ட பேனரை விரித்தன. கல்யாணத்துக்கு வெனிஸையே வாடகைக்கு எடுக்க முடியும் என்றால், வரியும் கூடுதலாகக் கட்ட முடியும் என்பது அதன் சாரம்.

கடைசி நாள் விருந்து முதலில் கன்னரெஜோ பகுதியில் இருக்கும் 16-ஆம் நூற்றாண்டு மிசெரிகோர்தியா மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. சுற்றிலும் வீடுகள், சாயங்காலமானால் உள்ளூர் ஆட்கள் கூடும் கால்வாய்க் கரை. காற்றடைத்த ரப்பர் முதலைகளோடு கால்வாயில் குதித்து வழியை அடைப்போம் என்று போராட்டக்காரர்கள் அறிவித்தார்கள். விருந்து, மதில்சுவர் சூழ்ந்த பழைய கப்பல் கட்டும் தளமான அர்செனாலேவுக்கு மாறியது. நாங்கள் ஜெயித்தோம் என்றார்கள் போராட்டக்காரர்கள். அந்த வாரம்தான் ஈரான் மீது அமெரிக்கா குண்டு வீசியிருந்தது, அதனால் பாதுகாப்புக் காரணமும் சொல்லப்பட்டது. இரண்டுமே சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

மேயர் லூயிஜி புருஞாரோ, போராடுகிறவர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றார். விழா ஏற்பாட்டாளர்கள், ஊரையே வளைத்துப் போடுவதாகச் சொல்வது பொய், படகுகளையும் அளவுக்கு மீறி எடுக்கவில்லை என்று விளக்கம் கொடுத்தார்கள். பரிசுப் பைகளில் வெனிஸின் பழைய இனிப்புக் கடையான ரோசா சால்வாவின் பலகாரமும் முரானோ கண்ணாடிப் பொருளும் இருந்தன. காயல் ஆராய்ச்சி அமைப்பான கொரிலா, வெனிஸில் உள்ள யுனெஸ்கோ அலுவலகம், வெனிஸ் சர்வதேசப் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் நன்கொடை அறிவிக்கப்பட்டது.

சரி, 200 பேரால் ஊர் மூழ்கிவிடுமா?

மூழ்காது. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கூட்டமான நாளில் வெனிஸுக்குப் பல பத்தாயிரம் பேர் வந்துபோகிறார்கள். அதில் 200 பேர் எந்த மூலைக்கு? இங்கே பிரபலங்களின் கல்யாணமும் புதிதில்லை. 2014-இல் ஜார்ஜ் குளூனி - அமல் ஜோடி இங்கேதான் கல்யாணம் செய்துகொண்டது. கிராண்ட் கால்வாய் ஓரம் நின்று மக்கள் கைகாட்டினார்கள்.

அப்படியானால் இந்தப் பதினோரு வருஷத்தில் என்ன மாறியது? பெசோஸ் ஆள் வேறு, அமேசான் மீது இருக்கும் கோபம் வேறு, டிரம்ப்போடு இருக்கும் நெருக்கம் வேறு. அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஊரும் மாறிவிட்டது.

1950-களின் தொடக்கத்தில் வெனிஸின் பழைய நகரப் பகுதியில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்குக் கீழே போனது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் குடியிருப்போர் எண்ணிக்கையைக் காட்டும் டிஜிட்டல் பலகையே இருக்கிறது. 2008 முதல் அந்த எண் இறங்கிக்கொண்டே வருகிறது. 2023-இல் இன்னொரு கணக்கு வந்தது. பழைய நகரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை, அங்கே குடியிருக்கும் மக்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது.

நடைமுறையில் இதன் அர்த்தம் எளிது. ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம். குடும்பங்கள் கரைக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேவுக்குப் போகின்றன. வாடிக்கையாளர் இல்லாமல் மளிகைக்கடை முகமூடி விற்கும் கடையாகிறது. பக்கத்தில் கடை இல்லையே என்று அடுத்த குடும்பமும் கிளம்புகிறது. ஹோட்டலில் வேலை பார்க்கிறவரே அந்த ஊரில் குடியிருக்க முடியாத நிலை.

96 கோடி யூரோ லாபம்: யாருக்கு?

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். இந்தக் கல்யாணத்தால் கிட்டத்தட்ட 96 கோடி யூரோ பொருளாதாரப் பலன் என்று இத்தாலிய சுற்றுலா அமைச்சகம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. கேட்டதும் வாய் பிளக்கிறது இல்லையா? உள்ளே பிரித்துப் பார்த்தால், விழாவின் நேரடிச் செலவு அதில் 3 கோடி யூரோவுக்கும் கீழே. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், ஊடக வெளிச்சத்துக்குப் போட்ட விலை. உலகம் முழுக்க டிவியிலும் மொபைலிலும் வெனிஸ் தெரிந்ததே, அதை விளம்பரமாகக் காசு கொடுத்து வாங்கினால் எவ்வளவு ஆகும் என்கிற மாதிரியான கணக்கு.

விளம்பரம் எதற்கு? இன்னும் நிறைய பேர் வெனிஸுக்கு வருவதற்கு.

எங்கள் பார்வையில் முரண்பாடு இங்கேதான் இருக்கிறது. இதே ஊரின் ஜுதெக்கா கால்வாய்க்குள் பெரிய பயணக் கப்பல்கள் வர 2021-இல் இத்தாலிய அரசு தடைபோட்டது. 2024-இல் நகரம் 29 நாட்களுக்கு நுழைவுக் கட்டணத்தைத் தொடங்கியது. 2025-இல் அதை 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்கு இரட்டிப்பாக்கியது. 2023-இல் ஆபத்தில் உள்ள பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் வெனிஸைச் சேர்க்கலாமா என்று யுனெஸ்கோ யோசித்ததற்கு அளவு மீறிய சுற்றுலாவும் ஒரு காரணம். ஒரு கை கூட்டத்தைத் தடுக்கிறது, இன்னொரு கை கூட்டத்தைக் கூப்பிட்டதற்கு லாபக் கணக்கு எழுதுகிறது. அமைச்சகம் எதை வரவு என்று எழுதுகிறதோ, மருந்துக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்கு அதுதான் செலவு.

இதைச் சொல்வதால் படகு ஓட்டுகிறவரும், பூ அலங்காரம் செய்தவரும், சமையல் ஆட்களும் சம்பாதித்தது பொய்யாகிவிடாது. அந்த வாரம் அவர்களுக்கு நல்ல வாரம். வெனிஸில் பல வியாபாரிகள் வெளிப்படையாகவே பெசோஸுக்கு ஆதரவாகப் பேசினார்கள். சாண்ட்விச்சைக் கையில் கட்டிக்கொண்டு வந்து திரும்புகிற கூட்டத்தைவிட, செலவு செய்யும் 200 பேர் மேல் என்பது அவர்கள் வாதம். தனியாக எடுத்தால் சரியான வாதம். ஆனால் அந்த 200 பேர் போட்ட இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்து அடுத்த வருஷம் கிளம்பி வரப்போவது சாண்ட்விச் கூட்டம்தானே?

நமக்கு இது புதுசா?

இல்லை. 2024 ஜூலையில் மும்பையில் அனந்த் அம்பானி - ராதிகா மெர்ச்சன்ட் கல்யாணம் நடந்தபோது, பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் பக்கம் நாலு நாள் போக்குவரத்து மாற்றம். போலீஸ் அதைப் 'பொது நிகழ்ச்சி' என்று குறிப்பிட்டது சமூக வலைதளங்களில் கிண்டலானது. அதற்கு முன் அந்த ஜோடியின் கொண்டாட்டக் கப்பலும் பலெர்மோ, ரோம், போர்த்தோஃபினோ என்று இத்தாலியைத்தான் சுற்றி வந்தது.

வெளிநாட்டில் கல்யாணம் செய்யாதீர்கள், இந்தியாவிலேயே செய்யுங்கள் என்று பிரதமர் மோடி 2023 நவம்பரில் 'மன் கி பாத்' உரையில் கேட்டுக்கொண்டார். காசு நாட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்பது அதன் நியாயம். உதய்பூர் ஏரிக்கரை அரண்மனைகளுக்கு ஏற்கெனவே அந்தக் காசு வந்துகொண்டிருக்கிறது. எந்தெந்த ஊரில், வருஷத்துக்கு எத்தனை நாள், அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்கிற பேச்சு மட்டும் இன்னும் பெரிதாகத் தொடங்கவில்லை.

ஜூன் 28, சனிக்கிழமை. அர்செனாலேவில் கடைசி விருந்து நடந்த அன்று, நூற்றுக்கணக்கானோர் ரியால்டோ பாலம் வரை ஊர்வலம் போனார்கள். புதுமணத் தம்பதி அடுத்துப் போனது சிசிலித் தீவின் டவோர்மினா. 'தி ஒயிட் லோட்டஸ்' தொடரின் இரண்டாம் சீசனை அங்கே எடுத்த பிறகு, கூட்டம் ஏறிக்கொண்டே போகும் ஒரு சின்ன மலையூர் அது.