முதுமையில் மணவிலக்கு: சீதனக் காணியின் கதி என்ன?

அறுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் மணவிலக்குக் கோரி நீதிமன்றப் படியேறுவது நம்மவரிடையே முன்னாளில் அரிதிலும் அரிது. இன்று அவ்வாறு சொல்வதற்கில்லை. பிள்ளைகள் கரைசேர்ந்து கடல் கடந்துவிட்டனர். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சமும் தளர்ந்துவிட்டது. நாற்பதாண்டு பொறுத்தவர்கள் இனிப் பொறுப்பதற்கில்லை என்கின்றனர். அது சரியோ பிழையோ எனத் தீர்ப்புரைப்பது நமது நோக்கமன்று. இளமையில் பிரிபவர் இழந்ததை மீண்டும் உழைத்துத் தேடிக்கொள்ளலாம். முதுமையில் பிரிபவருக்கு அதற்குக் காலம் ஏது? ஆகவே பிரியும் முன்னரே சட்டம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

அண்மையில் தாயார் ஒருவர் நம்மிடம் வந்தார். கணவர் இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர். தம்மைக் கைவிட்டுச் சென்றுவிட்டதாக மனைவிமீது வழக்கு வைத்துள்ளார். "தம்பி, நான் ஒன்றும் எதிர்த்துப் பேசப் போவதில்லை; அவர் கேட்டபடி தீரட்டும்" என்றார் அம்மையார். குடியிருக்கும் வீடு யார் பெயரில் என்று வினவினோம். கணவர் பெயரில். வாங்கிய பணம்? வடமராட்சியில் அவருக்குச் சீதனமாக வந்த காணியை 1985 இல் விற்ற பணம். உறுதிகள் எங்கே? 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. வழக்கைப் பேசாமல் விட்டிருந்தால், அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் நீதிமன்றின் ஏட்டில் ஏறாமலே மணம் முடிவுற்றிருக்கும்.

சட்டத்தைப் பார்ப்போம். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணவாழ்வில் தேடிய தேட்டத்தை இருவர்க்கும் பொதுவான சொத்தாக வகுத்தது. யார் பெயரில் இருப்பினும் பாதி மற்றவருக்கு என்பதே அதன் பொருள். 1947 இன் திருத்தம் அந்த ஏற்பாட்டை மாற்றிற்று. தேட்டம் இன்னாருடைய தேட்டம் என்றாயிற்று. தேடியவர் இறந்தால், அவர் வேறு வகையில் கொடுத்துவிடாத தேட்டத்தில் பாதி மற்றவரைச் சேரும். மரணத்தைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகின்றது. ஆயின் இருவரும் உயிரோடிருக்க மற்றவரின் பாதிக்கு என்ன கதி? இது பற்றி நீதிமன்றங்களிலேயே கருத்து வேற்றுமை எழுந்தது. வீடு கணவன் பெயரில் உள்ளதா, "பாதி எனக்கு வருந்தானே" என்று மனைவி வாளாவிருத்தல் கூடாது.

ஆனால் அந்த அம்மையாரின் வழக்கு அதனினும் வலியது. சீதனக் காணி அவருடைய தனிச் சொத்து. தனிச் சொத்தை விற்ற பணத்தால் வாங்கியது தேட்டமே ஆகாது. ஒருவர் பணம் கொடுக்க இன்னொருவர் பெயரில் உறுதி எழுதப்பட்டால், பெயருக்குரியவர் பணம் கொடுத்தவரின் நன்மைக்காகவே அதனை வைத்திருக்கிறார் எனக் கொள்வதற்கு 1917 இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. வேண்டியது சான்று. விற்ற திகதியும் வாங்கிய திகதியும் அருகருகே இருக்கின்றனவா? விலைப்பணம் தம் முன்னிலையில் கொடுபட்டதா என்பதை நொத்தாரிசு தம் அத்தாட்சியில் எழுதியிருப்பார். உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவதும் அவர் கடமை. வீட்டிலிருந்த பெட்டி போய்விட்டது என்பதால் உரிமையும் போய்விட்டதென்று எண்ணற்க. முதலில் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். நகை விற்றுக் கட்டிய மதிலுக்கும் கிணற்றுக்கும் எவரும் உறுதி எழுதுவதில்லை. அவற்றை நிரூபிப்பது பெரும்பாடு.

அடுத்தது வாழ்க்கைச் செலவு. 1999 இன் தாபரிப்புச் சட்டப்படி, வசதியுள்ள ஒருவர் தம்மைத் தாமே தாபரிக்க இயலாத துணைவரைத் தாபரித்தல் வேண்டும். முன்னைச் சட்டம் மனைவிக்கு மட்டுமே அளித்த இவ்வுரிமை இன்று கணவனுக்கும் உண்டு. நீதவான் நீதிமன்றின் இவ்வாயில் மணம் நிலைத்திருக்கும்வரைதான் திறந்திருக்கும். மணம் நீங்கியபின் நம்பக்கூடியது மாவட்ட நீதிமன்றம் விதிக்கும் நிரந்தரத் தாபரிப்பை மட்டுமே. அதனை மறுமொழியிலேயே கோருதல் வேண்டும். முதலில் வழங்கப்படும் நிபந்தனைத் தீர்ப்பு மூன்று மாதத்தின் பின் முடிவான தீர்ப்பாகும். அதன் பிறகு நம்மிடம் ஓடி வருபவர்க்கு நாம் செய்யக்கூடியது சொற்பம்.

உத்தியோகத்தர் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனித்தல் நன்று. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்ட விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பணம் விதவைக்கு உரியது. மணவிலக்குப் பெற்றவள் விதவை அல்லள். முப்பதாண்டுக் கழிவு ஒரு கையெழுத்தில் அவளுக்குப் பயனற்றுப் போகும். நிரந்தரத் தாபரிப்பின் தொகையைப் பேசும்போது இந்த இழப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இதனைக் கணக்கிற் சேர்க்கும் சட்டத்தரணிகள் நம்மிடையே சிலரே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். தனியார் துறையில் இருந்தோர், ஊழியர் சேமலாப நிதிக்கு யாரைப் பின்னுரித்தாளராக நியமித்தோம் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்க.

கமக்காரரின் நிலை வேறு. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வன்னியில் வயல் பெற்றவர் பலர். அனுமதிப்பத்திரத்தில் உள்ளது பெரும்பாலும் கணவன் பெயர். காடு வெட்டியது இருவர் கை. அவர் இறந்தால் துணைவர் என்ற முறையில் மனைவிக்கு அக்காணியில் இடமுண்டு. மணவிலக்குப் பெற்றால் அவள் துணைவர் அல்லள். சீதன உறுதியைப்போலக் காட்டுவதற்கு ஒரு தாளும் அவளிடம் இல்லை. இத்தகைய பெண், தீர்ப்புக்கு முன்னரே தாபரிப்பையோ ஒரு மொத்தத் தொகையையோ உறுதிசெய்துகொள்ளாமல் வழக்கைத் தீர்க்க உடன்படலாகாது.

மனைவிக்கு மணவிலக்கால் விளையும் ஒரு நன்மையையும் சொல்லவேண்டும். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாவிடின், அல்லது நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றை நாடி அனுமதி பெறலாம். கைம்மாறாக, கணவன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை! மணம் நீங்கினால் இந்தத் தளையும் நீங்கும். ஒரு பெண் தன் தாய் தந்த காணியை விற்பதற்காக மணவிலக்கை நாடவேண்டியுள்ள சட்டம் நமது சட்டம்.

மனமொத்துப் பிரியவும் நமக்கு வழியில்லை. 1952 இன் கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவர்க்கு அதனை அளித்துள்ளது. நமக்கோ பிறர்மனை நயத்தல், தீயநோக்கோடு கைவிடுதல், மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்ற மூன்றில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். ஏழாண்டு பிரிந்திருந்தோம் என்பது மட்டும் போதாதென 1986 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. எழுபது வயதுக் கிழவரும் அவர் மனைவியும் பேரப்பிள்ளைகள் காதுபட ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டியிருப்பது இதனாலேயே.

உரிமை பேசும் நம் பிரதிநிதிகள் தேசவழமையைக் காப்போம் என்று மேடையில் முழங்குகின்றனர். நன்று. மணவிலக்கில் தேட்டம் எவ்வாறு பிரியும் என ஒரு வரி எழுதுவித்தால் வழமை அழிந்துவிடாது. 1911 இல் அந்த வரி இருந்தது. கணவன் சம்மதம் என்ற பிரிவை நீக்கினாலும் அழியாது. இவ்விரண்டையும் அவர்களிடம் எழுத்தில் கேட்கவிருக்கிறோம்; வாசகர்களும் தத்தம் தொகுதியில் கேட்பார்களாக.

அந்த அம்மையார் மறுமொழி அணைத்துவிட்டார். 1985 இன் உறுதிகளுக்குக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பமும் கொடுத்துள்ளோம்.