பூனையைத் தூக்கவும் ஒரு முறை உண்டு

காளைக்கு மூக்கணாங்கயிறு போட ஒரு முறை உண்டு. ஆட்டைப் பிடிக்கவும், கோழியைச் சந்தைக்கு எடுத்துப் போகவும் ஒரு முறை உண்டு. வீட்டுப் பூனை விஷயத்தில் மட்டும் பல விவசாயக் குடும்பங்களில் எந்த முறையும் கிடையாது. பிடரி, முன்னங்கால், வால் என்று கைக்கு எட்டியதைப் பிடித்துத் தூக்குகிறார்கள். கீறலோ கடியோ பட்ட பிறகு "நன்றி கெட்ட ஜீவன்" என்று பூனையைத் திட்டுகிறார்கள். குற்றம் பூனையிடம் இல்லை. தூக்கிய கையில்தான் இருக்கிறது.

நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் பூனை சம்பளம் கேட்காத இரவுக் காவலாளி. பெருச்சாளியைக் கண்டு அது ஒதுங்கினாலும், சுண்டெலியையும் வீட்டெலியையும் விட்டு வைக்காது. முரட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்ட பூனை ஆள் அரவம் கேட்டாலே ஓடும்; சில நாளில் வீட்டையே விட்டுப் போய்விடும். பிறகு விதை நெல் சாக்கில் ஓட்டை விழுவதைத் தடுக்க யாரும் இல்லை.

தாய்ப்பூனை குட்டியைப் பிடரியைக் கவ்வித்தானே தூக்குகிறது என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் குட்டியின் எடை சில நூறு கிராம்தான். வளர்ந்த பூனையோ 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். அந்தப் பாரம் முழுவதும் கழுத்துத் தோலில் தொங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? பிடரியைப் பிடித்ததும் சில பூனைகள் அசையாமல் தொங்குவது உண்மை. அது அடக்கம் அல்ல, அச்சம். பிடி சற்றுத் தளர்ந்ததும் நகமும் பல்லும் கையில் இறங்கும்.

சரியான முறை கடினமானது அல்ல. தூங்கும் பூனையையும் தின்னும் பூனையையும் திடீரென்று தொடக் கூடாது. மேலிருந்து கவியாமல், பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும். பூனை முகர்ந்து பார்த்த பின் கன்னத்தையும் தலையையும் தடவலாம். பிறகு ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, மறு கையால் பின்னங்கால்களைத் தாங்கி, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். கால்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. சினைப் பூனையின் வயிற்றை அழுத்தவே கூடாது. இறக்கும்போதும் தூக்கிப் போடாமல், நான்கு கால்களும் தரையில் பட்ட பின்பே கையை எடுக்க வேண்டும்.

காதைப் பின்னால் மடக்கி, வாலைச் சுழற்றி அடித்து, உறுமினால் அது பூனையின் எச்சரிக்கை. அப்போது தூக்கும் எண்ணத்தைக் கைவிடுவதே அறிவு. காயம்பட்ட பூனையைக் கண்டிப்பாக எடுத்தாக வேண்டுமானால், கெட்டியான சாக்கையோ பழைய போர்வையையோ மேலே போட்டு, மூச்சு விட இடம் விட்டுச் சுற்றி, மூடியுள்ள கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகலாம். நாய் கடித்த பூனையையும், காரணமின்றிப் பாய்கிற, எச்சில் ஒழுக்குகிற பூனையையும் வெறுங்கையால் தொடவே கூடாது. வெறிநோய் பூனைக்கும் வரும். பூனை மூலம் மனிதனுக்கும் வரும்.

பூனைக் கடியை அற்பமாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. அதன் கோரைப்பல் ஊசி போன்றது. மேலே ஒரு புள்ளிதான் தெரியும். கிருமியோ உள்ளே ஆழத்தில் தங்கிவிடும். மறுநாளே கை வீங்கிச் சீழ் பிடிக்கலாம். நடவு நேரத்தில் கை முடங்கினால் கூலியும் போகும், வேலையும் கெடும். வெறிநோய் என்றால் உயிரே போகும். அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஆகவே கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது; இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஓர் ஊசியோடு நின்றுவிடாமல், சொன்ன நாள்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

மாட்டுக்கு ஊசி போட மருத்துவரிடம் போகும் விவசாயி, பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் திரும்பப் போட வேண்டும்.

விளையாட்டாக வாலை இழுக்கும் பிள்ளைகளும் பூனையிடம் கடிபடுவதுண்டு. கடிபட்டால் அடி விழும் என்று பயந்து மறைப்பவர்களும் அவர்களே. கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுக்கப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற வீட்டில், பூனையை இரு கையாலும் தாங்கித் தூக்கவும் சொல்லித் தர வேண்டும். கடித்தால் ஒளிக்காமல் சொல்லவும் தைரியம் கொடுக்க வேண்டும். தானியத்தையும் உயிரையும் ஒருங்கே காக்கும் இந்தப் பாடத்துக்குக் காலணாச் செலவில்லை.