ஐம்பது பெருவிரல் ஐம்பது சாட்சி ஆகாது



போன வாரம் நம் ஊர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு சகோதரர் எழுதியிருந்தார்: "பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க நிபுணர் எதற்கு? பொதுமக்களே போதும் என்று அமெரிக்காவில் ஆய்வு செய்து நிரூபித்துவிட்டார்கள். பேஸ்புக்கும் அந்த வழிக்குத்தான் போகிறது." நிறையப் பேர் அதற்குப் பெருவிரல் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அவர் சொன்ன ஆய்வு உண்மையானதுதான். 2021இல் சயன்ஸ் அட்வான்சஸ் சஞ்சிகையில் வந்தது. பேஸ்புக்கின் கணினி முறை சரிபார்க்கச் சொன்ன 207 செய்திகளை மூன்று தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் ஆராய்ந்தார்கள். 1,128 சாதாரண அமெரிக்கர்கள் அந்தச் செய்திகளின் தலைப்பையும் ஆரம்ப வரிகளையும் மட்டும் பார்த்துப் புள்ளி போட்டார்கள். சிறு சிறு குழுக்களாக எடுத்த சராசரி, நிபுணர்களின் முடிவோடு நன்றாக ஒத்துப்போனது.

ஆனால் அந்தக் குழுக்கள் எப்படிப்பட்டவை? இரு கட்சி ஆதரவாளர்களும் சமமாகக் கலந்தவை. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட புள்ளியைத்தான் பிறகு கூட்டிச் சராசரி எடுத்தார்கள். இந்த இரண்டையும் நம் சகோதரர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் விட்டுவிட்டார். அதே 2021இல் வேறொரு ஆய்வுக் குழு, செய்தி வெளிவந்து 72 மணித்தியாலத்துக்குள் மக்களையும் நிபுணர்களையும் மதிப்பிட வைத்தது. 135 செய்திகள், 12,883 மதிப்பீடுகள். எந்த முறையில் கணக்கிட்டாலும் மக்கள் கூட்டம் நிபுணர்களின் மட்டத்தை எட்டவில்லை. அமெரிக்காவிலேயே தீராத வழக்கை இங்கே தீர்ப்பாக வாசிப்பது என்ன நியாயம்?

இனி நம் நாட்டுக்கு வாருங்கள். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை. முஸ்லிம் ஹோட்டல் ஒன்றில் சாப்பாட்டில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றது ஒரு கூட்டம். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரை நெருக்கி ஒப்புக்கொள்ள வைத்த வீடியோ பேஸ்புக்கில் பரவியது. ஹோட்டலும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அன்றிரவு அந்த வீடியோவைப் பார்த்தவர்களிடம் உண்மையா பொய்யா என்று வாக்கெடுத்திருந்தால் எது வென்றிருக்கும்? சொல்லுங்கள்.

அது அவர்களுடைய பிழை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. நம் குழுமங்களில் எல்லோரும் ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே கட்சி. முதலில் ஒரு ஹாஜியார் "உண்மைதான்" என்று போட்டால் பின்னால் வருகிறவர்கள் வாசிக்காமலே பெருவிரல் போடுகிறோம். ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது தெரியும்: ஒரே ஆளிடம் கேட்டு நூறு பேர் சொன்னாலும் அதன் மூலம் ஒரே ஆள்தான்.

அமெரிக்காவில் நிபுணர் சரிபார்ப்பை நிறுத்தி, பயனர் குறிப்புகளுக்கு மாறுவதாக மெட்டா 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்த முறையில், வழமையாகக் கருத்து முரண்படுகிறவர்கள் ஒரு குறிப்பில் ஒன்றுபட்டால்தான் அது எல்லோருக்கும் தெரியும். நாளை அது இங்கே வந்தால்? சிங்களத்தில் பரவும் பொய்யை வாசித்துக் குறிப்பு எழுத கிழக்கில் நம்மில் எத்தனை பேரால் முடியும்? நம் தமிழ்ப் பதிவை எத்தனை சிங்களச் சகோதரர்கள் வாசிப்பார்கள்?

மக்களை நம்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வை இங்கே, தமிழிலும் சிங்களத்திலும், மூவினத்தவரையும் கலந்து, திரும்பச் செய்து பார்க்கட்டும் என்கிறேன். நம் பல்கலைக்கழகங்களில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். முடிவு சரியாக வந்தால் முதலில் ஏற்றுக்கொள்கிறவன் நானாக இருப்பேன். அதுவரை நிபுணர்கள் வேண்டாம் என்று யாரும் நம் பெயரில் கையொப்பம் வைக்க வேண்டாம்.

இந்தப் பதிவுக்கும் உடனே பெருவிரல் போடாதீர்கள். வாசித்து, பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன்.