தேசிய வாகையர் என்று பெயர் சூட்டுவது யார்?

நீண்ட பதிவு. விளையாட்டில் ஆர்வமில்லாதவர்களும் இறுதிவரை வாசிக்க வேண்டுமென விழைகிறேன். பேசுபொருள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். அதன் வழியே நான் பேச விரும்புவது ஒப்பீட்டு முறையியலைப் பற்றியும், பொது அமைப்புகள் விலகி நிற்கும் இடத்தில் வணிகம் எவ்வாறு அமர்ந்துகொள்கிறது என்பதைப் பற்றியும்.

ஆண்டுதோறும் டிசம்பரில், பெரும்பாலும் ஒரு வார இடைவெளியில், அந்நாட்டில் இரண்டு பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஒன்று, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் நைக்கி நிறுவனம் நடத்தும் நைக்கி கிராஸ் நேஷனல்ஸ். மற்றொன்று, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், ஃபுட் லாக்கர் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்ட பந்தயம். இரண்டும் 5 கிலோமீட்டர். இரண்டும் தத்தம் வெற்றியாளரைத் தேசிய வாகையர் என்றே அழைக்கின்றன. எது உண்மையான தேசியப் போட்டி என்ற வாக்குவாதம் 2004 முதல் ஓயவில்லை.

இவ்வாக்குவாதத்தில் வழங்கும் மூன்று அளவுகோல்களும் பழுதானவை என்பது என் முதல் வாதம். அணிகள் மோதும் பந்தயமே இவ்விளையாட்டின் இயல்புக்கு உரியது என்பது இரண்டாவது. அத்தகைய பந்தயம் ஒரு காலணி நிறுவனத்தின் தனியுடைமையாக இருப்பது ஏற்கத் தக்கதன்று என்பது மூன்றாவது.

முதல் அளவுகோல் மரபு. சான் டியேகோ பந்தயம் 1979இல் தொடங்கியது. நைக்கியின் பந்தயம் 2004இல்தான் பிறந்தது. ஆகவே மூத்ததே முறையானது என்கின்றனர் ஒரு சாரார். ஆனால் மூத்தது எது என்று சற்று உற்று நோக்குங்கள். 1979இல் அதன் பெயர் கின்னி. அதுவும் ஒரு காலணிக் கடைத் தொடரின் பெயரே. 1993இல் அது ஃபுட் லாக்கர் ஆயிற்று. 2021இல் ஈஸ்ட்பே என்றும், மறு ஆண்டில் சேம்ப்ஸ் ஸ்போர்ட்ஸ் என்றும் அழைக்கப்பட்டது. இடமும் நிலையாக இருக்கவில்லை. சில காலம் ஃபுளோரிடாவின் ஆர்லண்டோவுக்குப் பெயர்ந்து, பின்னர் பால்போவா பூங்காவுக்குத் திரும்பியது. உரிமையாளரின் வணிகத் தேவைக்கேற்பப் பெயர் மாற்றிக்கொள்ளும் ஒன்றை மரபு என்பதைவிட, நெடுநாள் நீடித்த விளம்பர ஏற்பாடு என்பதே பொருந்தும். அப்பூங்காவின் மேட்டில் ஏறி இறங்கிய பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வுழைப்பின் பெருமை பெயர்ப்பலகைக்குச் சேர வேண்டியதில்லை என்பதே என் கூற்று.

இரண்டாவது அளவுகோல் களத்தின் செறிவு. நைக்கி போட்டியில் பாலினம் ஒன்றுக்கு 22 அணிகள். அணிக்கு ஏழு பேர். அவர்களுடன் அணியின்றித் தகுதிபெற்ற 45 பேர். ஆக 199 பேர் ஒரே கோட்டில் நிற்பர். ஃபுட் லாக்கர் இறுதியிலோ நான்கு வட்டாரங்களிலிருந்து பத்துப் பத்துப் பேராக 40 பேர் மட்டுமே. எனவே 199 பேரை வென்றவரே வலியவர் என்பது மறுசாராரின் வாதம். இந்த 199 பேரில் 154 பேர் அணியின் பொருட்டு வந்தவர்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தனியாக ஓடினால் நாட்டின் முதல் நூற்றுவரிலும் இடம்பெறாத மாணவி ஒருத்தி, தன் அணியின் ஐந்தாமவளாக அங்கே நிற்பாள். அவள் நிற்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் தனிநபர் போட்டியின் கடுமையை அளக்க அவளையும் ஒரு தலையாக எண்ணுவது பிழையான கணக்கு.

ஓட்ட நேரத்தைக் கொண்டு ஒப்பிடுவோர் இன்னும் பெரிய பிழை செய்கின்றனர். 2019இல் நிக்கோ யங் போர்ட்லண்டில் வென்றபோது எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிடம் 52 விநாடி. 2021இல் அவர் பயின்ற அதே நியூபரி பார்க் பள்ளியைச் சேர்ந்த காலின் சால்மன், அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரில் 14 நிமிடம் 3 விநாடியில் ஓடினார். இரண்டே ஆண்டுகளில் மனித உடல் 49 விநாடி முன்னேறிவிடவில்லை. ஒன்று ஈரமும் மேடும் நிறைந்த குழிப்பந்து மைதானம். மற்றொன்று விரைவோட்டத்துக்கு ஏற்ற சமதளம். தடகள ஓடுபாதையில் 400 மீட்டர் எங்கும் 400 மீட்டர்தான். கிராஸ் கன்ட்ரியில் மண்ணும் மழையும் மேடும் போட்டியின் பகுதி. நேரத்தை ஒப்பிடுவது அவ்விளையாட்டின் அடிப்படையையே மறுப்பதாகும்.

மூன்றாவது அளவுகோல் புகழ்பெற்ற முன்னாள் வீரர்களின் பட்டியல். 2000ஆம் ஆண்டு ஃபுட் லாக்கர் இறுதியில் டேதன் ரிட்சன்ஹைன், ஆலன் வெப், ரயன் ஹால் ஆகிய மூவரும் அதே வரிசையில் முதல் மூன்று இடங்களைப் பெற்றனர்; மூவரும் பின்னர் ஒலிம்பிக் வீரர்களாயினர். பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்ற கோல் ஹாக்கர் 2018இன் ஃபுட் லாக்கர் வாகையர். அதே பாரிஸில் இரு வெண்கலங்கள் பெற்ற கிராண்ட் ஃபிஷர் 2013, 2014 ஆகிய ஈராண்டுகளிலும் வென்றவர். பட்டியல் கவர்ச்சியானதுதான். ஆனால் 2004க்கு முன்னர் வேறு போட்டியே இல்லாதபோது எல்லாத் திறமையும் ஒரே வாயிலில்தான் நுழைந்தாக வேண்டும். அது வாயிலின் சிறப்பைக் காட்டும் சான்று ஆகாது. தவிரவும், 1993இன் பந்தயத்தில் வென்றவர் ஆடம் கௌச்சர். இரண்டாவதாக வந்த மெப் கெஃப்லெஸிகிதான் 2004 ஏதென்ஸ் மாரத்தானில் வெள்ளி வென்றார். பதினேழு வயதின் ஒரு காலைப்பொழுது வருங்காலத்தை முன்னறிவிக்கும் என்று நம்புவோருக்கு அந்த ஒரு முடிவே போதிய மறுப்பு. பிழைத்தவர்களை மட்டும் எண்ணிக் காரணம் கற்பிக்கும் இத்தவற்றை ஆய்வு மாணவர் ஒருவர் தம் அறிக்கையில் செய்திருந்தால், நெறியாளர் முதல் வாசிப்பிலேயே சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

இனி இரண்டாவது வாதம். கிராஸ் கன்ட்ரியில் ஓர் அணியின் முதல் ஐவர் பெற்ற இடங்களின் எண்கள் கூட்டப்படும். குறைந்த கூட்டுத்தொகை உடைய அணி வெல்லும். முதல் ஐந்து இடங்களையும் ஓர் அணியே பிடித்தால் 15. அதனினும் சிறந்த தொகை இல்லை. ஆறாமவரும் ஏழாமவரும் கூட்டலில் சேரார். ஆயினும் அவர்கள் எதிரணியின் ஐந்தாமவரை முந்தினால் எதிரணியின் தொகை உயரும். ஓர் அணியினர் 1, 30, 45, 60, 90 ஆகிய இடங்களைப் பெற்றதாகக் கொள்வோம், தொகை 226. மற்றோர் அணியினர் 28, 33, 38, 41, 47 ஆகிய இடங்களைப் பெற்றால் தொகை 187. முதல் இடம் பெற்றவர் இருக்கும் அணி தோற்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத ஐந்தாமவரே இவ்விளையாட்டில் முடிவைத் தீர்மானிப்பவர். நியூயார்க் மாநிலத்தின் ஃபேயட்வில்–மேன்லியஸ் பொதுப் பள்ளியின் மாணவியர், பில் ஏரிஸ் என்னும் பயிற்றுநரின் கீழ், 2006 முதல் 2012 வரை ஏழு முறையும், 2014 முதல் 2017 வரை நான்கு முறையும் நைக்கி அணிப் பட்டத்தை வென்றனர். மாணவர் ஆண்டுதோறும் பள்ளியை விட்டு வெளியேறிக்கொண்டே இருப்பர். ஆயினும் பதினொரு பட்டங்கள். ஒரு நட்சத்திரத்தால் இது இயலாது. ஒரு பண்பாட்டால்தான் இயலும். நாற்பது பேரைத் தனித்தனியே பொறுக்கி எடுக்கும் பந்தயத்தின் கண்ணுக்கு இப்பண்பாடு தென்படவே தென்படாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எளிதில் தள்ளத் தக்கதன்று. அணிப் பந்தயம் பெரிய, வசதியான புறநகர்ப் பள்ளிகளுக்கே சாதகம். சிற்றூரின் சிறிய பள்ளியில் பிறவித் திறனுள்ள ஒருவன் தோன்றலாம், எழுவர் தோன்றுவது அரிது. அவனுக்கு ஃபுட் லாக்கரே புகலிடம் என்பர். பாதி உண்மை. இறுதிப் போட்டிக்குத் தேர்வானோரின் பயணச் செலவை இரு போட்டிகளும் ஏற்கின்றன. ஆனால் வட்டாரத் தகுதிப் போட்டிக்குச் செல்லும் செலவு பெற்றோருடையது. ஃபுட் லாக்கரின் தெற்கு வட்டாரப் போட்டி வட கரோலினாவின் சார்லட் நகரில். மேற்கு வட்டாரப் போட்டி லாஸ் ஏஞ்சலஸ் அருகே. டெக்ஸஸ் சிற்றூரிலிருந்தோ மொன்டானாவிலிருந்தோ அங்கே செல்லும் பயணத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஏழை மாணவன் இறுதிக்கு வருமுன்னரே வடிகட்டப்பட்டுவிடுகிறான். ஏற்றத்தாழ்வு இரு போட்டிகளிலும் உண்டு. ஒன்றில் அது பள்ளியின் பெயரால் வெளிப்படையாகத் தெரிகிறது, மற்றொன்றில் தனித்திறன் என்ற சொல்லுக்குள் மறைந்துகொள்கிறது.

பள்ளியின் பெயரால் என்றேன். உண்மையில் அதுவும் இல்லை. மூன்றாவது வாதம் இங்கே தொடங்குகிறது. அமெரிக்காவில் பள்ளி விளையாட்டை ஆள்பவை மாநில அமைப்புகள். அவற்றின் தேசியக் கூட்டமைப்பு எந்த விளையாட்டிலும் நாடளாவிய பள்ளி வாகைப் போட்டி நடத்துவதில்லை. மாநிலப் போட்டியுடன் பருவம் முடிந்துவிடும். அதன் பின்னர் ஓடுவோர் தம் பள்ளியின் பெயரைத் தாங்க முடியாது. ஆகவே போர்ட்லண்டில் ஃபேயட்வில்–மேன்லியஸ் என்ற பள்ளி ஓடியதில்லை. மேன்லியஸ் என்ற மன்றமே ஓடியது. பிள்ளைகள் அவர்களே, பயிற்றுநர் அவரே. வரிப்பணத்தில் இயங்கும் பள்ளியின் பெயர் மார்பிலிருந்து இறங்கியது; நிறுவனத்தின் சின்னம் ஏறியது.

மாநில அமைப்புகளின் நோக்கம் நன்று. பிள்ளைகளின் பருவம் முடிவின்றி நீளக் கூடாது, படிப்பு கெடக் கூடாது என்று அவை கருதின. விளைவோ நேர்மாறானது. போட்டி நிற்கவில்லை, பொறுப்பு மட்டும் நின்றது. நவம்பரில் மாநிலப் போட்டி, அடுத்து வட்டாரப் போட்டி, டிசம்பரில் போர்ட்லண்ட், அதன் அடுத்த வாரம் சான் டியேகோ. 2010இல் லூக்கஸ் வெர்ஸ்பிகாஸ் இரண்டையும் ஒருசேர வென்றபோது அது சாதனையாகப் போற்றப்பட்டது, சாதனைதான். ஆனால் வளரும் உடலுக்கு இந்நாட்காட்டி உகந்ததா என்று கேட்கும் கடமையுள்ள பொது அமைப்பு எதுவும் அந்த இரு வாரங்களில் களத்தில் இல்லை. இரு நிறுவனங்களும் தத்தம் நாளைக் குறித்துக்கொண்டன. இடையில் ஓடியது பதின்வயதினர்.

உடைமை யாரிடம் என்பது 2021இல் வெட்டவெளிச்சமாயிற்று. பெருந்தொற்றின் காரணமாக 2020இல் இரு போட்டிகளும் நடைபெறவில்லை. மறு ஆண்டில் சான் டியேகோ பந்தயம் நடந்தது. நைக்கி தன் போட்டியை மீண்டும் ரத்து செய்தது. நாட்டின் வலிமைமிக்க அணிகள் ஹன்ட்ஸ்வில்லில் ரன்னிங்லேன் என்ற பெயரில் நடந்த பந்தயத்துக்குச் சென்றன. நியூபரி பார்க் அங்கேதான் தன் உச்சத்தைத் தொட்டது. ரத்து செய்த முடிவு சரியா தவறா என்பதன்று என் வினா. ஒரு நிறுவனத்தின் அறிவிப்பால் மறைந்து, வேறொரு நகரில் வேறொரு பெயரில் முளைக்கும் ஒன்றை எப்பொருளில் தேசிய வாகை என்கிறோம்? தேசியம் என்ற அடைமொழியை அந்தத் தேசத்தின் எந்தப் பொது அமைப்பும் வழங்கவில்லை. நடத்துவோர் தாமே சூட்டிக்கொண்டனர். நாளடைவில் எல்லோரும் ஏற்றுக்கொண்டனர்.

வேறு வழி இல்லையா? அதே நாட்டிலேயே இருக்கிறது. கல்லூரிகளின் பொது அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1938 முதல் கிராஸ் கன்ட்ரி வாகைப் போட்டி நடத்திவருகிறது. அதன் முதல் பிரிவில் 31 அணிகளும், அணியாகத் தகுதிபெறாத பள்ளிகளின் சிறந்த வீரர்களும் ஒரே பந்தயத்தில் ஓடுகின்றனர். ஒரே ஓட்டத்தில் அணி வாகையும் தனிநபர் வாகையும் தீர்மானமாகின்றன. கல்லூரி அளவில் உண்மையான வாகையர் யார் என்று எவரும் வாதிடுவதில்லை, வாதிட இடமில்லை. அவ்வமைப்புக்கும் பல குறைகள் உண்டு. ஆனால் கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது. பள்ளி அளவிலும் மாநில அமைப்புகள் கூடி ஒரே ஒரு போட்டியை நடத்தட்டும். மாநிலப் போட்டியின் முடிவே தகுதியாகட்டும். இடைப்பட்ட வட்டாரப் பயணமும் அதன் செலவும் ஒழியட்டும். பிள்ளைகள் தம் பள்ளியின் பெயருடன் ஓடட்டும். நிறுவனங்கள் விரும்பினால் பொருளுதவி செய்யட்டும். போட்டியின் பெயரும் நாளும் விதியும் அவர்கள் கையில் இருக்க வேண்டாம்.

தொலைதூர நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். நம் பல்கலைக்கழகங்களின் நுழைவாயில்களில் தொங்கும் தரவரிசைப் பதாகைகளைப் பாருங்கள். அவற்றுள் பலவும் தனியார் நிறுவனங்கள் வழங்கியவை. 2020இல் சென்னை, மும்பை, தில்லி உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.கள் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் பங்கேற்க மறுத்தன. அதன் கணக்கீட்டு முறை வெளிப்படையாக இல்லை என்பது அவற்றின் குறை. அம்மறுப்பை நாம் எத்தனை துறைகளில் விவாதித்தோம்? எந்தத் தரவரிசை மேலானது என்று ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளோ ஏராளம். ஒப்பீடு தொடங்குமுன் கேட்க வேண்டியவை மூன்று: எதை எண்ணுகிறார்கள்? யாரை எண்ணாமல் விடுகிறார்கள்? எண்ணும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது யார்? இம்மூன்றையும் கேளாமல் இரண்டு பட்டங்களுள் எது மேல் என்று வாதிடுவோர், தம்மை அறியாமலே அவ்விரண்டுக்கும் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் எழுதுக. சிறிய பள்ளிகளின் தனி வீரர்கள் குறித்த மறுப்பை இதைவிட வலுவாக முன்வைக்க முடியும் என்றே எண்ணுகிறேன். அதை யாரேனும் எழுதினால் விரிவாக விடையளிப்பேன்.