ஆற்றங்கரை நாகரிகமும் சிறார் கல்வியும்

நைல், யூபிரடீஸ், டைக்ரிஸ், சிந்து, மஞ்சளாறு என்னும் பேராறுகளின் கரைகளில் மக்கள் ஊரமைத்து, உழுது பயிரிட்டு, எழுத்தும் அளவும் கண்டு வாழ்ந்த வரலாறு நடுநிலை வகுப்புச் சிறார்க்கு இந்நாளிற் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் சிந்துவெளி நாகரிகமும், அதனையடுத்துத் தமிழ்நாட்டின் பண்டைய நகரங்களும் பாடங்களாய் அமைந்தன. இது போற்றற்பாலதே. ஆயின் இப்பாடம் பற்றி நம் சைவ நன்மக்களிற் சிலர் கூறிவரும் ஒரு கோரிக்கை ஆராய்ச்சிக்குரியது. மொகெஞ்சதாரோவிற் கிடைத்த முத்திரையிலுள்ள உருவம் சிவபெருமானே என்று ஆசிரியர் ஐயமின்றிக் கற்பித்தல் வேண்டும்; அங்ஙனம் கற்பியாமை சைவத்துக்குச் செய்யும் இழுக்கு என்பது அக்கோரிக்கை. சமயப்பற்றினால் எழுந்ததாயினும், இது சமயத்துக்கும் கல்விக்கும் ஒருங்கே தீங்கு பயப்பது என்பதே எமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவாம்.

முதற்கண் அம்முத்திரையின் வரலாற்றை நோக்குவாம். சிந்துவெளி நாகரிகம் வெளிப்பட்ட செய்தியை இந்தியத் தொல்பொருட்டுறைத் தலைவராயிருந்த சர் ஜான் மார்ஷல் 1924-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் உலகுக்கு அறிவித்தார். குறித்த முத்திரை அதன்பின் 1928-29-ஆம் ஆண்டின் அகழ்விற் கிடைத்தது. பீடத்தின்மீது கால்மடித்து யோகிபோல் அமர்ந்த ஓர் உருவம், தலையிற் கொம்பு முடி, சூழ யானை, புலி, காண்டாமிருகம், எருமை, பீடத்தின்கீழ் மான்கள். உருவத்துக்கு முகம் மூன்று எனக் கொண்டு, யோகநிலையும் விலங்குகள் சூழ்ந்தமையும் கருதி, பசுபதி வடிவின் முன்னோடி இது என மார்ஷல் 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலிற் கருத்துரைத்தார். இன்று வாழும் சமயங்களுள் சைவமே மிகப் பழமையானதாதல் கூடும் என்றும் எழுதினார். அன்றுதொட்டு நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அவ்வுரை எடுத்தாளப்பெறாத நாள் அரிது.

மார்ஷல் பேரறிஞர்; அவர் கருத்து மதிப்புடையதே. எனினும் அது கருத்தே, முடிவன்று. 1964-ஆம் ஆண்டில் சல்லிவன் என்னும் ஆராய்ச்சியாளர் அவ்வுருவத்தைப் பெண் தெய்வம் என்றார். 1975-76-இல் டோரிஸ் சீனிவாசன் என்னும் அம்மையார் அதனைக் கூர்ந்து ஆராய்ந்து, முகம் மூன்றல்ல என்றும், எருமைத் தன்மை வாய்ந்த ஒரு தெய்வ வடிவாதல் கூடும் என்றும் எழுதினார். முத்திரையின் மேலுள்ள எழுத்துக்களோ இன்றுகாறும் யாவரும் ஒப்பப் படிக்கப்பெறவில்லை. ஹீராஸ் பாதிரியார் அவற்றைத் தமிழினமொழிவழிப் படித்துக் காட்ட முயன்றார். அறிஞருலகு அதனை ஏற்றிலது. ஐராவதம் மகாதேவன் அவர்கள் 1977-இல் அவ்வெழுத்துக்களின் தொகுப்பினை வெளியிட்டுப் பெரும்பணி புரிந்தார். அதன் பின்னரும் வாசிப்பு முடிவாயிற்றிலது. அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவார்க்குப் பத்து இலக்கம் அமெரிக்க வெள்ளி பரிசாக அளிக்கப்பெறும் எனத் தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததும் இது பற்றியே.

இனி, நம் நூன்முறை இதற்கு யாது கூறுகின்றது? சிவஞானசித்தியார் பொருளாராய்ச்சிக்குப் புகுமுன் அளவையை வகுத்துரைக்கின்றது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் பிற அளவைகள் அடங்கும் எனவும், ஐயமும் திரிபும் நீங்கிய அறிவே காட்சியளவை எனவும் நம் சிறார் திண்ணைப் பள்ளியிலேயே கேட்டறிந்த காலம் உண்டு. தொலைவில் நிற்பதனைக் குற்றியோ மகனோ என அறியாதான், மகனே எனத் துணிந்து பிறர்க்கும் அங்ஙனமே கூறுவானாயின், அவன் ஐயத்தைத் தெளிவாகக் காட்டிய பிழையன் ஆவன். முத்திரையைச் சிவனென்றே கற்பிக்க என்பார் ஆசிரியரை இப்பிழைக்கண் நிறுத்துகின்றனர். அளவையிலக்கணம் வகுத்த மரபினர் இது செய்யலாமோ?

அற்றேல், சைவத்தின் தொன்மைக்குச் சான்று வேண்டாவோ எனின், கூறுதும். சிவபெருமான் அநாதி, காலத்தைக் கடந்தவர். மாக்கல்லிற் பொறித்த ஒரு சிறு முத்திரை ஏறத்தாழ 4,000 ஆண்டுக்கு முற்பட்டது என்பதனால் அவர் பெருமை ஓர் அணுவும் மிகாது. அஃது எருமைத் தெய்வமே என நாளை துணியப்பெறினும் அப்பெருமை ஓர் அணுவும் குறையாது. வரலாற்றுத் துறையில் எழும் முடிபுகள் புதிய சான்று வருந்தோறும் மாறும் இயல்பின. மாறும் இயல்பினதன்மேல் மாறா இயல்பினதனை நிறுத்துவார், தம் கோயிலை ஆற்று மணற்றிட்டின்மேற் கட்டுவாரை ஒப்பர்.

ஐயங்களையெல்லாம் சிறார்க்கு உரைப்பின் அவர் மயங்குவர். துணிந்து ஒன்று கூறலே அவர் பருவத்துக்கு ஏற்றது என்பாரும் உளர். பன்னிரண்டாண்டுச் சிறுவன் மயங்குவது ஆசிரியர் ஐயத்தை ஐயமெனக் கூறுமிடத்தன்று. அவன் கல்லூரி எய்தித் தானே நூல்களைப் புரட்டும்பொழுது, ஐயமின்றிக் கேட்டது ஐயத்துக்கிடமானது எனக் காணுமிடத்தேதான் உண்மையில் மயங்குவன். அன்று அவன் முத்திரையை மட்டும் ஐயுறான். அதனைக் கூறிய ஆசிரியரையும், அவரைத் தூண்டிய சபையினரையும், அவர்வழிக் கேட்ட திருமுறையையும் சாத்திரத்தையும் ஒருங்கே ஐயுறுவன். நம் மக்கள் நம்மைவிட்டு நீங்குதற்கு வாயில்கள் பல. அவற்றுள் ஒன்றை நாமே திறந்துவைத்தல் அறிவுடைமையாகாது.

அங்ஙனமாயின் அம்முத்திரையை எங்ஙனம் கற்பிப்பது? உருவத்தைக் காட்டுக. மார்ஷல் கூறியது இது, மறுத்தோர் கூறியது இது, எழுத்து இன்னும் படிக்கப்பெறவில்லை என்க. நீ கண்டது யாது என மாணாக்கனை வினவுக. காண்டலுக்கும் கருதலுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக உணர்த்தவல்ல பாடம் வேறொன்று கிடைத்தல் அரிது.

இதனினும் பெரியதொரு குறை உண்டு. தொலைவிலுள்ள சிந்துவின்கண் நம் தெய்வத்தைத் தேடும் ஆர்வத்தில், அருகிலுள்ள ஆற்றை நம் சிறார்க்குக் காட்ட மறந்துவிட்டோம். தென்காசியினின்று நெல்லைக்குச் செல்லும் சாலையில் உள்ள பாவூர்சத்திரத்துச் சிறுவன் ஒருவனை நினைமின். அவன் நைலின் வெள்ளத்தை மனப்பாடஞ் செய்வன். தன்னூர்ச் சந்தையில் வந்து குவியும் காய்கறிக்கு நீர் எங்கிருந்து வந்தது என வினவின், விடையறியாது விழிப்பன். குற்றால மலையிற் பிறந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியருகே பொருநையோடு கூடும் சிற்றாறு அவனுக்குப் பாடமாயிற்றிலது. அவ்வாற்றின் தலையிலே குறவஞ்சி பிறந்தது. அது கூடுமிடத்திலே முக்கூடற்பள்ளு பிறந்தது. அணையினின்று கால்வாய், கால்வாயினின்று குளம், குளத்தினின்று மடை, குளம் நிறைந்தவழி மறுகால், மறுகால் நீர் அடுத்த குளத்துக்கு என்னும் ஒழுங்கினைக் கீழப்பாவூர்ப் பெரியகுளக் கரையில் நின்று அரைநாளிற் காட்டிவிடலாம். யூபிரடீஸ் கரையில் வாய்க்கால் வெட்டினோர் செய்ததும் நீரைப் பகிர்ந்துகொள்ளும் இவ்வொழுங்கே எனின், அப்பழைய நாடு அச்சிறுவனுக்கு உடனே விளங்கும்.

சிற்றாறு சென்று கூடும் பொருநையோ இன்னும் வளமுடைய பாடம். பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடல் புகும் அவ்வாற்றின்மேல் அணைகள் எட்டு. அவற்றுள் 19-ஆம் நூற்றாண்டிற் கட்டப்பெற்றது ஸ்ரீவைகுண்டத்தணை. ஏனைய ஏழும் அதனின் முற்பட்டன. அக்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியராகிய யாகோர் 1876-ஆம் ஆண்டு தாழிகளைக் கண்டார். அலெக்சாந்தர் ரீ 1899 முதலாக அகழ்ந்து பொன் நெற்றிப்பட்டங்களையும், வெண்கலக் கலங்களையும், இரும்பு வேல்களையும் வெளிக்கொணர்ந்தார். சிவகளைத் தாழியொன்றிற் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சார்ந்தது என 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பெற்றது. அங்குக் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லும் என 2025 ஜனவரியில் வெளிவந்த அரசு தொல்லியல் துறை அறிக்கை கூறுகின்றது.

ஈண்டும் முன்னைய எச்சரிக்கையை மறத்தலாகாது. ஆதிச்சநல்லூர் வேலை முருகவழிபாட்டோடு இயைத்துரைத்தோர் உளர். அஃது இயைபுடைய கருத்தே. ஆயினும் கருத்து எனவே கூறுக. நெல்லோ கருத்தன்று, இறந்தாரோடு தாழியில் இட்ட நெல்லை மாணாக்கன் கண்ணாற் காணலாம். அந்நெல்லின் வழித்தோன்றல் அவன் உண்ணும் சோற்றிலும், இறந்தார்க்கு நாம் இடும் வாய்க்கரிசியிலும் இன்றும் நிற்கின்றது. உள்ள பொருள் முற்றும் அழிதல் இல்லை. வடிவு மாறி நிற்கும் என்னும் சற்காரியவாதத்தை நாம் ஏட்டில் மட்டுமோ ஓதுவது?

நாகரிகம் மாண்டது, மண்மேடாயிற்று எனக் கூறி முடிக்கும் பாடம் இதனாற் குறையுடையதாகின்றது. மணிக்கு 60 நிமிடம் என்னும் கணக்கு மெசபொத்தேமியர் கண்ட அறுபதின் கணக்கிலிருந்து வந்தது. அஃது ஒவ்வொரு பள்ளியின் சுவரிலும் தொங்குகின்றது. ஏரியைக் காத்தற்கு வாரியம் அமைத்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தன. அவை கோயிற் சுவரிலே நிற்கின்றன. நம் கோயில்கள் நீர்நிலைகளைப் பேணிய வரலாற்றையும் தம் கல்லிலே தாங்கி நிற்பன. அக்கல்லெழுத்துக்களைச் சிறாரை அழைத்துச் சென்று படிப்பித்த சைவ சபைகள் எத்துணை? முத்திரைக்கு மேடையில் முழங்குவோர் தம்மூர்க் கோயிற் சுவரிற் பூசிய சுண்ணாம்பை அகற்ற ஒருநாள் கைந்நீட்டினாராயின், அதுவே உண்மைத் தொண்டாம்.

ஆதலின் சைவ நன்மக்களுக்கு யாம் விண்ணப்பிப்பது இது. பாடநூலில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டிப் பொருதலை விடுமின். நும்மூர் நடுநிலை வகுப்புச் சிறாரை ஆண்டுக்கு ஒருமுறை குளக்கரைக்கும், கோயிற் கல்வெட்டுக்கும், ஆதிச்சநல்லூர்க்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்குப் பொருளும் துணையும் உதவுமின். கண்டதைக் கண்டது என்றும், கருதியதைக் கருதியது என்றும் கூறப் பயின்ற சிறுவன், பின்னாளில் உரையளவையின் அருமையையும் தானே உணர்வன். அவனையன்றிச் சித்தாந்த சாத்திரத்தைப் பயிலுதற்குரியார் வேறு யாவர்?