விரட்டப்பட்ட பிள்ளை யாரிடம் போவான்?



கடந்த மாதம் எங்கள் மஹல்லாவில் இஷா தொழுகைக்குப் பின் ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. 16 வயதுப் பையன் ஒருவன் போதை மாத்திரைகளுடன் பிடிபட்டிருந்தான். கூட்டத்தில் மூன்று யோசனைகள் முன்வைக்கப்பட்டன. அவனைப் பள்ளிவாசல் வளாகத்துக்குள் விடக்கூடாது. அவனுடைய அக்காவின் நிகாஹுக்கு ஜமாஅத் கடிதம் தருவதை நிறுத்திவைக்க வேண்டும். செய்தி வெளியூருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு மருத்துவம் செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. விற்றவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் அவனுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த நானும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறேன்.

"வெளித் தெருப் பையன்கள் கெடுத்துவிட்டார்கள், செல்போன் கெடுத்துவிட்டது, சினிமா கெடுத்துவிட்டது" என்பதே அன்று திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது நம்மை நாமே குற்றமற்றவர்களாக ஆக்கிக்கொள்ளும் பேச்சு.

மறுநாள் அந்தப் பையனிடம் தனியே பேசினேன். அவன் சொன்ன வரலாறு வேறு. 10 வயதில் நிகாஹ் வீடொன்றில் பெரியவர்களுக்குச் சிகரெட் வாங்கிவரப் பெட்டிக்கடைக்கு அனுப்பப்பட்டவன் அவன். 13 வயதில் அதே சிகரெட்டை அவன் கையில் கொடுத்து, "இப்போதுதான்டா நீ ஆம்பளை" என்று சிரித்தவர் அவனுடைய சொந்தக்காரர். பிறகு கூல் லிப் வந்தது. பிறகு கஞ்சா; அதன்பின் மாத்திரை. ஒவ்வொன்றும் அவன் அறிந்த, நம்பிய ஒரு கையிலிருந்தே வந்தது. அந்நியன் எவனும் அவன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

சகோதரர்களே, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவைக் கேட்டறியுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளையாட்டுக்காக ஒரு சிகரெட்டை நீட்டிய அந்தச் சொந்தக்காரரும் இச்சட்டத்தின் முன் குற்றவாளியே. ஆனால் நம் கூட்டத்தில் அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

நட்பைப் பற்றி நாம் பயான்களில் பேசாத நாள் இல்லை. மனிதன் தன் நண்பனின் வழியிலேயே இருக்கிறான், ஆகவே யாரை நண்பனாக்குகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நல்ல நண்பனைக் கஸ்தூரி வைத்திருப்பவனுக்கும், தீய நண்பனைக் கொல்லனின் உலை ஊதுபவனுக்கும் ஒப்பிட்டார்கள். இந்த ஹதீஸைச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுகிறோம். உலைக்களத்தைத் தவிர உட்கார அவர்களுக்கு வேறு எந்த இடத்தைக் கொடுத்தோம்? அத்தா வளைகுடாவில் இருக்கிறார். மாதம் தவறாமல் பணம் வருகிறது. கேட்க ஆள் இல்லை. மாலையில் டியூஷன் விட்டு வந்தால் விளையாடத் திடல் இல்லை. பள்ளிவாசலில் சற்று உரக்கச் சிரித்தால் துரத்துகிறோம். அவனைப் பெயர் சொல்லி அழைத்து, தோளில் கைபோட்டு, "வா மச்சான்" என்று இடம் கொடுப்பவன் தெருமுனையில் நிற்கிறான். பிள்ளை போதைக்காக அவனிடம் போவதில்லை. தன்னை ஒருவன் மதிக்கிறான் என்பதற்காகவே முதலில் போகிறான்.

ஐஸ்லாந்து என்னும் சிறிய நாட்டின் அனுபவத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அது முஸ்லிம் நாடு அன்று. அங்கே 1998இல் 15, 16 வதுப் பிள்ளைகளில் 42 சதவீதத்தினர் முந்திய ஒரு மாதத்தில் குடித்து போதையேறியிருந்தனர். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 ஆயினர். வெறும் உபதேசத்தால் இது நடக்கவில்லை. விளையாட்டுக்கும் இசை, கலைப் பயிற்சிகளுக்கும் பொதுப்பணத்தைச் செலவிட்டார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே சுற்ற நேர வரம்பு வைத்தார்கள். பெற்றோர் ஒன்றுகூடி உறுதிமொழி எடுத்துப் பிள்ளைகளுடன் கூடுதல் நேரம் கழித்தார்கள். சுற்றுப்புறத்தை மாற்றினார்கள், பிள்ளைகள் மாறினார்கள். ஐவேளை கூடும் வழக்கம் உள்ள நமக்கு இது இயலாத காரியமா?

"கஞ்சா வெறும் பச்சிலைதானே ஹஜ்ரத், குர்ஆனில் அதன் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். போதை தரும் ஒவ்வொன்றும் மதுவே, ஒவ்வொரு மதுவும் ஹராமே என்பது நபிமொழி. அதிக அளவில் போதை தருவதன் சிறிதளவும் ஹராம் என்பதும் நபிமொழி. இதில் சலுகைக்கு இடமில்லை.

ஆனால் பாவத்தை வெறுப்பது வேறு, பாவம் செய்த பிள்ளையைக் கைகழுவுவது வேறு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்ற தோழர் ஒருவர் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். மீண்டும் அவர் கொண்டுவரப்பட்டபோது ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இன்னொரு சம்பவத்தில், மது அருந்தியவரை இழிவாகப் பேசியவர்களிடம், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்றார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. அன்றைய கூட்டத்தில் நாம் யாருக்கு உதவினோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

"இப்படி இரக்கம் காட்டினால் மற்றப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிடும்" என்பார்கள். அந்தத் தோழருக்குத் தண்டனையும் கிடைத்தது, ஜமாஅத்தில் இடமும் இருந்தது என்பதே அவர்களுக்கு என் பதில். கண்டிப்பை விற்பவனிடம் காட்டுங்கள். நோயாளியிடம் காட்ட வேண்டியது சிகிச்சை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், சட்டையில் பீடி வாடை வீசிய ஒரு மாணவனை நானே மதரஸாவிலிருந்து வெளியேற்றினேன். மற்ற மாணவர்களைக் காப்பாற்றுவதாக எண்ணினேன். அன்று மாலை அவன் எங்கே போனான், யாருடன் உட்கார்ந்தான் என்று நான் விசாரிக்கவில்லை. மறுமையில் அந்தக் கேள்வி எனக்குக் காத்திருக்கிறது.

ஆகவே முத்தவல்லிகளிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளில் புகையிலை விற்றால் வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். அந்த வாடகையில் பள்ளிவாசலுக்கு விளக்கெரிக்க வேண்டாம்.

நிகாஹ் வீடுகளில் சிகரெட் புழங்குவதை நிறுத்துங்கள். புழங்கும் வீட்டின் விருந்தில் ஆலிம்களாகிய நாங்கள் உட்காரமாட்டோம் என்று முடிவெடுப்போம்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பிள்ளைகள் விளையாட ஓர் இடத்தை ஒதுக்குங்கள். பொறுப்புக்கு இரண்டு இளைஞர்களை நியமியுங்கள்.

பிடிபட்ட பிள்ளையின் சிகிச்சைச் செலவைப் பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள். பெற்றோர் போலீசுக்கு அஞ்சி மறைக்கிறார்கள். போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழிவகுக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். இவ்விரண்டையும் வரும் ஜும்ஆவில் அறிவியுங்கள்.

அந்தப் பையன் இப்போது சிகிச்சையில் இருக்கிறான். அவனுடைய அம்மா தன் வளையலை அடகு வைத்து அழைத்துப் போனார். அக்காவின் நிகாஹ் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அவன் திரும்பி வரும் நாளில் பள்ளிவாசல் கதவு திறந்திருக்குமா, தெருமுனை மட்டும்தான் திறந்திருக்குமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பை உணரும் உள்ளத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.