வசந்தம் யாருடைய சொத்து?

ருதுக்கள் ஆறினுள்ளும் கலைஞர்களிடம் மிகுந்த செல்வாக்குப் பெற்றது வசந்த ருதுவே ஆகும். கார்காலத்துக்கும் கவிகள் உண்டு. ஆயினும் ‘ருதுராஜன்’ என்னும் பட்டத்தை நம் முன்னோர் வசந்தத்துக்கே சூட்டினார்கள். தமிழ்நாட்டில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். வட இந்தியாவிலோ தை மாதத்திலோ மாசித் தொடக்கத்திலோ வருகிற வசந்த பஞ்சமியன்றே அதற்கு வரவேற்பு ஆரம்பமாகிவிடுகிறது. கடுகு வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் பூத்து நிற்கும். மாமரங்கள் பூவெடுக்கத் தொடங்கும். மாதரும் மைந்தரும் மஞ்சள் ஆடை உடுத்து மகிழ்வார்கள்.

இந்தப் பருவத்தைப் பாட்டாகவும் படமாகவும் ஒருங்கே கண்டவர்கள் ராகமாலைச் சித்திரக்காரர்கள். கச்சேரியில் நாம் கேட்கும் ராகமாலிகை வேறு, இது வேறு. ஒவ்வொரு ராகத்தையும் ஓர் ஆளாகப் பாவித்து, அதற்கு உருவமும் உடையும் இடமும் வேளையும் வகுத்து, ஏட்டளவான சிறு சித்திரங்களாகத் தீட்டுவது ராகமாலை. ராகங்கள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ராகிணிகள் என்னும் மனைவியர் ஐவர், ஆக முப்பத்தாறு படங்கள் கொண்டது ஒரு தொகுதி என்பது ராஜஸ்தானத்தில் பெருவழக்கு. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் ராஜஸ்தானம், தக்காணம், இமயமலைச் சாரல் ஆகிய இடங்களிலெல்லாம் இந்தக் கலை தழைத்திருந்தது.

இப்படங்களில் வசந்தம் எப்படிக் காட்சியளிக்கிறது? தலையில் மயிற்பீலி அணிந்த கண்ணன், பூத்த மரங்களின் நடுவே ஒரு காலைத் தூக்கி நடனமாடுகிறான். ஒரு கையில் வீணை; சில படங்களில் மற்றொரு கையில் மாந்தளிரும் பூவும் செருகிய கலசம். இருபுறமும் பெண்கள் மத்தளம் முழக்கித் தாளம் தட்டுகிறார்கள். மரங்களில் வண்டு மொய்க்கிறது. பார்ப்பவர் காதில் ஓசை ஒன்றும் விழுவதில்லை. ஆனாலும் படம் முழுவதும் ஒரு தாளகதியில் அசைவது போலவே தோன்றும்.

இங்கே நமது கலையின் போக்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். இத்தாலிய சங்கீத மேதை விவால்டி, நான்கு பருவங்களைப் பற்றி இயற்றிய இசை உருப்படிகள் 1725-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாயின. அவற்றுள் வசந்தத்துக்குரியதில் பறவைகளின் கூவலை வயலின்கள் பேசுகின்றன; ஓடையின் சலசலப்பும் இடிமுழக்கமும் கேட்கின்றன; உறங்கும் இடையனுக்கருகே நாய் குரைப்பதைக்கூட, வயலினுக்கு அண்ணன் முறையான வியோலா வாசித்துக் காட்டுகிறது. எந்தக் கட்டத்தில் எது நிகழ்கிறது என்று விளக்கும் கவிதைகளும் உடன் அச்சாகியிருந்தன. மிக அழகான இசை, அதில் ஐயமில்லை.

நமது ராகம் அந்த வழியில் போவதில்லை. பூ மலரும் பருவத்தில் குயில் பஞ்சம ஸ்வரத்தில் கூவுகிறது என்பது நமது பழைய சங்கீத சாஸ்திரங்களின் கொள்கை. அப்படியானால் வசந்தா ராகத்தில் பஞ்சமம் ஓங்கி நிற்கவேண்டும் அல்லவா? கர்நாடக சங்கீதத்தின் வசந்தாவிலோ பஞ்சமம் அறவே கிடையாது! பதினேழாவது மேளமான சூரியகாந்தத்தில் பிறந்த இந்த ராகத்தில் வசந்தத்தின் பெயர் இருக்கிறது. குயிலின் ஸ்வரம் இல்லை. பறவையின் குரலை எடுத்துரைப்பது இந்த ராகத்தின் வேலை அன்று. பறவையின் குரலைக் கேட்டவன் உள்ளத்தில் எழும் கிளர்ச்சியையே அது பாடுகிறது. ராகமாலைச் சித்திரக்காரரும் அவ்வாறே. அவர் ஸ்வரங்களைப் படமாக எழுதவில்லை; ராகம் கேட்டவர் மனம் நின்ற நிலையை எழுதினார்.

அந்தச் சித்திரங்களை எழுதியவர்கள் யார் என்பது அவற்றின் அழகைக் காட்டிலும் முக்கியமான செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. காசிக்கு அருகிலுள்ள சுனாரில் 1591-இல் எழுதப்பட்டது ஒரு புகழ்பெற்ற ராகமாலை. அதை எழுதியவர்கள் ஷேக் ஹஸன், ஷேக் அலி, ஷேக் ஹாதிம் என்ற மூவர். மொகலாயச் சித்திரசாலையின் ஆசான்களிடம் பயின்றவர்கள். மேவார் நாட்டின் சாவண்டில் 1605-இல் ஒரு ராகமாலை உருவாயிற்று. அப்போது மேவாருக்கும் மொகலாயப் பேரரசுக்கும் போர் ஓயவில்லை. உடன்படிக்கை ஏற்பட்டது 1615-இல்தான். அத்தகைய நாளில், ராணாவின் தலைநகரில் இருந்து தூரிகை பிடித்தவர் நஸீருத்தீன் என்று அறிஞர் கூறுகின்றனர். 1628-இல் உதயபுரியில் மற்றொரு ராகமாலையைத் தீட்டிய ஸாஹிப்தீனும் முஸ்லிமே. கண்ணன் லீலைகளை அவர் எழுதியதைப் போல எழுதியவர்கள் மேவாரில் அரியர்.

இதற்கும் பழமையான ஒரு வரலாறு டில்லியில் வழங்குகிறது. ஸூபி ஞானியான நிஜாமுத்தீன் அவுலியா, தம் அன்புக்குரிய மருமகன் இளமையிலேயே இறந்ததால் துயரில் மூழ்கி, சிரிப்பையே மறந்திருந்தாராம். அவருடைய சீடரும் பெருங்கவிஞருமான அமீர் குஸ்ரு, ஒரு நாள் ஹிந்துப் பெண்கள் மஞ்சள் உடுத்து, கடுகுப் பூ ஏந்தி, பாடிக்கொண்டு வசந்த பஞ்சமிக்காகக் கோயிலுக்குச் செல்வதைக் கண்டார். தாமும் மஞ்சள் உடுத்து, அந்தப் பூவையே ஏந்தி, குருவின் முன் பாடி ஆடினார். குரு முறுவலித்தார். இது செவிவழிக் கதையாயினும், அதன் விளைவு கதையன்று. டில்லி நிஜாமுத்தீன் தர்காவில் இன்றும் ஆண்டுதோறும் வசந்த விழா நடக்கிறது. கவ்வாலிப் பாடகர்கள் மஞ்சள் துணி அணிந்து, கடுகுப் பூவுடன் சமாதிமுன் சென்று பாடுகிறார்கள்.

தெற்கே வருவோம். வடக்கில் ‘வஸந்த்’ என்று பாடப்படும் ராகமும் நமது வசந்தாவும் பெயரால் ஒன்று, ஸ்வரங்களால் வேறு. அங்கே அது இரவின் கடைசி யாமத்துக்குரியது. வசந்த காலத்தில் மட்டும் எந்த வேளையிலும் பாடலாம் என்று சலுகை உண்டு. இங்கே அது மாலை ராகம். அதற்குப் பருவக் கட்டுப்பாடு இல்லை. ஐப்பசி மழையிலும் வசந்தா பாடுகிறோம். மார்கழிப் பனியிலும் பாடுகிறோம். தியாகராஜ சுவாமிகள் சீதாராமரைப் பெற்றோராகவும் ராமபக்தர்களை உடன்பிறந்தாராகவும் பாவித்து உருகிய ‘சீதம்ம மாயம்ம’ கீர்த்தனம் இந்த ராகத்தில்தான் அமைந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் தில்லைக் கூத்தனின் ஆட்டத்தைப் பாடிய ‘நடனம் ஆடினார்’ என்பதும் வசந்தாவே. வடக்கே சித்திரத்தில் வசந்தம் கண்ணனாக ஒரு காலைத் தூக்கி ஆடுகிறது. தெற்கே அதே பெயருள்ள ராகத்தில் நடராஜன் ஒரு காலைத் தூக்கி ஆடுகிறான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதன்று; எனினும் பொருத்தம் எவ்வளவு இனிமையாக இருக்கிறது!

ராகத்தைப் பருவத்தினின்றும் விடுவித்ததால் நமக்கு லாபம் உண்டு: ஆண்டு முழுவதும் வசந்தம் கிடைத்தது. நஷ்டமும் உண்டு. பாட்டுப் பயிலும் நம் குழந்தைகள் ஆரோகண அவரோகணத்தைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மாமரமும் ஒரு கடுகு வயலும் ஒரு நடனமும் இருப்பதை அறியமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சங்கீதத்துக்கு ஒரு மணி, சித்திரத்துக்கு ஒரு மணி, சரித்திரத்துக்கு ஒரு மணி என்று பங்கிட்டு வைத்திருக்கிறோம். இம்மூன்றும் ஒரு சிறு ஏட்டில் கூடியிருந்த காலம் ஒன்று உண்டு என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ராகமாலைப் படங்களை இக்காலத்தில் நூல்களிலும் அருங்காட்சியக வெளியீடுகளிலும் எளிதில் காணலாம். வீட்டில் பெண்ணோ பிள்ளையோ வசந்தா கற்கத் தொடங்கும் நாளில், அத்தகைய படம் ஒன்றை எதிரே வையுங்கள். ஆடுகிறவன் கண்ணன் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். இப்படிப்பட்ட படங்களை எழுதிய ஸாஹிப்தீனின் பெயரை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தத் தேசத்தின் வசந்தத்தை இன்ன மதத்தாருடையது, இன்ன மொழியாருடையது என்று பங்கு பிரிக்க எவரேனும் பிற்காலத்தில் அவர்களிடம் வந்தால், விடை சொல்ல அந்த ஒரு பெயர் போதும்.